காலயந்திரத்தைச் சேலம் ஜங்ஷனில் நிறுத்தக் கோரி ஒரு மனு

அனுப்புநர்: சேலம், நாமக்கல் சமவெளியில் வரி கட்டியும் சினிமா பார்த்தும் காலம் தள்ளும் ஒருவன்.

பெறுநர்: உயர்திரு மேலாளர்கள், மார்வெல் ஸ்டுடியோஸ் மற்றும் டிசி ஸ்டுடியோஸ், பர்பேங்க், கலிபோர்னியா.

பொருள்: தங்கள் சூப்பர் ஹீரோக்கள் உலகப் போருக்குக் காலப்பயணம் செல்லும்போது எங்கள் பக்கமும் வந்துபோகக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

எடப்பாடிக்காரர்கள் வருஷம் தவறாமல் காவடி தூக்கிக்கொண்டு பழனிக்குப் போவதுபோல, உங்கள் ஆட்கள் இரண்டாம் உலகப் போருக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். 2021-இல் வந்த உங்கள் கார்ட்டூன் படத்தில் ஃப்ளாஷ் என்பவர் ஓடிய வேகத்தில் நேராகப் போய் அந்தப் போர்க்களத்தில் விழுந்தார். அங்கே வொண்டர் உமன் ஏற்கெனவே நாஜிகளை வெளுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் 2017-இல் முதல் உலகப் போரையும் ஒரு கை பார்த்தவர். கேப்டன் அமெரிக்காவோ போருக்காகவே பிறந்த பிள்ளை. 1940 டிசம்பரில் கடைக்கு வந்த முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் தாடையில் ஒரு குத்து விட்டார். அவருடைய நாடு போரில் இறங்கியது அதற்கு ஒரு வருஷம் கழித்துத்தான். ராணுவத்துக்கு முன்னால் காமிக்ஸ் களத்தில் இறங்கியதைப் பாராட்டுகிறோம்.

ஆனால் எத்தனை முறை போனாலும் ரூட் ஒன்றேதான்: லண்டன், பாரிஸ், பெர்லின். சூயஸைத் தாண்டி இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எங்களுக்குத் தகுதி இல்லை என்று நினைத்துவிட்டீர்களோ என்ற சந்தேகத்தில் சில விவரங்களைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் சேலத்தில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற ஸ்டுடியோவை நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடம். இன்று மிஞ்சியிருப்பது வாசல் வளைவு. போர்க்காலத்தில் பிலிம் பஞ்சம். ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு. அதாவது சுமார் இரண்டு மணி நேரம். உங்கள் ‘எண்ட்கேம்’ அன்று இங்கே எடுக்கப்பட்டிருந்தால் கடைசிச் சண்டை தொடங்கும் முன்பே வணக்கம் போட்டிருப்பார்கள். பிலிம் வேண்டுமென்றால் போருக்கு ஆதரவாகவும் ஒரு படம் எடு என்று சர்க்கார் நெருக்கிய காலம் அது. சுந்தரம் ‘பர்மா ராணி’ எடுத்தார். 1945-இல் வந்தது. ஜப்பானியர் பிடியில் இருக்கும் பர்மாவில் இந்திய விமானிகள் விழுகிறார்கள், கே. எல். வி. வசந்தா காப்பாற்றுகிறார். ஜப்பானிய அதிகாரி வேஷத்தைச் சுந்தரமே கட்டிக்கொண்டார். முதலாளியே வில்லனாக நடிக்கும் துணிச்சல் உங்கள் பர்பேங்கில் உண்டா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இன்னொன்று. 1952-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்ற படம் எடுத்தது, தமிழில் ‘காடு’. இந்தியக் காட்டுக்குள் ரோமம் அடர்ந்த ஆதிகால யானைகள் கிளம்பி வரும் கதை. காலப்பயணத்தில் எங்களுக்கு முன் அனுபவம் உண்டு என்பதை இதிலிருந்து அறியலாம். அந்தப் படத்தில் நடித்த சீசர் ரொமேரோதான் 1966-இல் உங்கள் பேட்மேன் டிவி தொடரில் ஜோக்கர் ஆனார். வில்லனை முதலில் எங்கள் கம்பெனி படத்துக்கு அனுப்பிவிட்டு, ஹீரோவை இன்றுவரை அனுப்பாமல் இருப்பது எந்த ஊர் நியாயம்? பகலில் ஒரு வேஷம், இரவில் ஒரு வேஷம் என்ற சங்கதியும் இங்கே புதிதல்ல. நாமக்கல் கவிஞர் எழுதிய ‘மலைக்கள்ளன்’ நாவல் 1954-இல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாகி ஜனாதிபதி விருது வாங்கியது. மலைக்கள்ளனும் பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்தவர்தான். ஜட்டியை மட்டும் வெளியே போடவில்லை.

சரி, வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். 1942 ஆகஸ்ட் மாதம். உங்கள் ஹீரோ சேலம் ஜங்ஷனில் இறங்கி, “வில்லன் எங்கே?” என்று கேட்கிறார். அங்கேதான் சிக்கல்.

1939 செப்டம்பர் 3-ஆம் தேதி, இந்தியர் ஒருவரையும் கேட்காமல், இந்தியாவும் போரில் இருப்பதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். அதைக் கண்டித்து அடுத்த மாதமே சென்னை மாகாணத்தில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது. ராஜாஜி எங்கள் ஊர் வக்கீல், சேலம் நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர். அதே ராஜாஜி, ஜப்பான்காரன் வாசலில் நிற்கும்போது வெள்ளைக்காரனோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று சொல்லி 1942-இல் காங்கிரஸை விட்டே விலகினார். காந்தியோ ‘வெளியேறு’ என்றார். ஊரில் திண்ணைக்கு ஒரு கட்சி. கொடி பிடித்த பையனைப் போலீஸ் அடிக்கிறது. அந்த லத்தி, உங்கள் ஹீரோ எந்தப் பக்கம் நின்று சண்டை போடுகிறாரோ அந்த நேச நாட்டு லத்தி. அவர் யாரைக் குத்துவார்? கேடயத்தை எந்தப் பக்கம் திருப்புவார்?

இம்பாலுக்குப் போனாலும் தப்ப முடியாது. 1944-இல் அங்கே பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலும் தமிழர்கள், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்திலும் தமிழர்கள். பின்னதில் பலர் மலேயா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணி படையில் தோட்டத்துப் பெண்களே அதிகம். அடிபட்டால் இரண்டு பக்கமும் “அம்மா” என்றுதான் கத்துவார்கள். உங்கள் திரைக்கதை ஆசிரியர்கள் இந்த ஒரு காட்சிக்கே வேலைநிறுத்தம் செய்துவிடுவார்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை. 1937 அக்டோபர் 1 முதல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு. நாட்டிலேயே முன்னோடி, போர் நடுவில் 1943-இல்தான் நிறுத்தி வைத்தார்கள். அன்று நாமக்கல்லும் இதே ஜில்லா. ஆகவே உங்கள் குடிப்பிரிய ஹீரோக்களான டோனி ஸ்டார்க், தோர், வுல்வரின் ஆகியோர் 1942-க்கு வந்தால் பாட்டிலை ஈரோட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு வரவும். கவசம் போட்டிருந்தாலும் கேஸ் கேஸ்தான்.

ஹீரோவை இறக்கினால் கதை கெட்டுவிடும் என்பது உங்கள் முன்னோர்களுக்கே தெரியும். 1940 பிப்ரவரியில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை, சூப்பர்மேன் போரை முடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டு இரண்டு பக்கம் வாங்கிப் போட்டது. அவர் ஹிட்லரையும் ஸ்டாலினையும் பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி தூக்கி ஜெனிவாவில் கொண்டுபோய் நிறுத்தினார். அத்தோடு போர் சரி. நிஜத்தில் பையன்கள் செத்துக்கொண்டிருக்கும்போது இது எடுபடாதே. அதனால் 1942-இல் அவரை ராணுவத் தேர்வுக்கு அனுப்பிக் கண் பரிசோதனையில் ஃபெயில் ஆக்கினார்கள். எக்ஸ்ரே பார்வையில் சுவரைத் துளைத்து, பக்கத்து அறைச் சார்ட்டைப் படித்துவிட்டாராம்! பட்டாளத்துக்குப் போகாமல் தப்பிக்க இதைவிட நல்ல சாக்கு எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை.

இப்போது எங்கள் ஜில்லாவின் ஆட்சேபம். கடந்த காலத்தில் எதை மாற்றினாலும் 1942 பிப்ரவரி 15-ஐ மட்டும் தொட வேண்டாம். அன்றுதான் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றது. பினாங்கிலிருந்து வந்த பொபட்லால் ஷாவும் சேலம் வியாபாரி மாணிக்கம் செட்டியாரும் 1943-இல் இங்கே குச்சிக்கிழங்கை அரைத்து, பால் எடுத்து, ஜவ்வரிசி செய்து பார்த்தார்கள். அதிலிருந்து கிளம்பியதுதான் ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை என்று பரவிய சேகோ ஆலைகள் எல்லாம். 1981-இல் உருவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் அந்த வழியில் வந்ததே. உங்கள் ஆள் பறந்து போய்ச் சிங்கப்பூரைக் காப்பாற்றிவிட்டால் எங்கள் குச்சிக்கிழங்கை யார் வாங்குவார்கள்? விரதக்காரர்களுக்கு வடநாட்டில் ஜவ்வரிசிக் கிச்சடி எங்கிருந்து வரும்? இழப்பீடு தர உங்கள் கம்பெனி தயாரா? எங்கள் தமிழ் ஹீரோக்கள் இந்த விஷயத்தில் நிதானமானவர்கள். ‘இன்று நேற்று நாளை’யாகட்டும், ‘மார்க் ஆண்டனி’யாகட்டும், கடந்த காலத்தோடு விளையாடினாலும் காசு, காதல், அப்பா விவகாரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். பொருளாதாரத்தில் கை வைக்க மாட்டார்கள்.

ஆனால் சிங்கப்பூரோடு மலேயாவும் ஜப்பான் கையில் இருந்தது. தோட்டத்துத் தமிழர்களை லாரியிலும் கூட்ஸ் வண்டியிலும் ஏற்றிக்கொண்டு போய் சயாம்–பர்மா ரயில் பாதை போட வைத்தார்கள். 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது. வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல் அங்கே செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் 90,000 பேர் வரை செத்திருக்கலாம் என்பது ஒரு கணக்கு. காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் ஏறக்குறைய ஏழாயிரம் இருக்கின்றன. வெளிநாட்டுத் தலைவர்கள் மலர்வளையம் வைக்கிறார்கள். கூலிகளைக் குழி தோண்டித் தள்ளியதோடு சரி. அந்தப் பாதையைப் பற்றி உங்கள் ஊர்க்காரர்கள் 1957-இல் எடுத்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ ஏழு ஆஸ்கர் வாங்கியது. இலங்கையில் வைத்துத்தான் எடுத்தார்கள். அதிலும் தமிழ்க் கூலி இல்லை.

எனவே மேலே தெரிவித்த ஜவ்வரிசி ஆட்சேபத்தை இத்துடன் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தேவையானால் சிங்கப்பூரைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

அது உங்கள் பட்ஜெட்டுக்கு மீறியது என்றால், சின்னதாக ஒரு வேலை. 1941 டிசம்பர் 23-இல் ரங்கூனில் குண்டு விழுந்தது. மார்ச்சில் ஊர் ஜப்பான் கைக்குப் போனது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள், பெரும்பகுதி நடந்தே. கப்பலிலும் விமானத்திலும் முதல் இடம் வெள்ளைக்காரருக்கு. மலைப்பாதையிலும் அவர்களுக்கு நல்ல வழி, இந்தியருக்கு வேறு வழி. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே விழுந்தார்கள். பர்மா அரிசி வருவது நின்றது. அதற்கு மேல் சர்க்காரின் அலட்சியமும் சேர்ந்து 1943-இல் வங்காளத்தில் ஏறக்குறைய முப்பது லட்சம் பேர் பஞ்சத்தில் மாண்டார்கள். இங்கெல்லாம் குத்து வாங்க ஒரு தாடை இல்லை. தூக்கிக்கொண்டு போக மனிதர்களும் மூட்டைகளும்தான் இருந்தன.

ஆகவே, 1942 பிப்ரவரிக்கு, நன்றாகப் பறக்கத் தெரிந்த, பாரம் தூக்கக்கூடிய ஒருவரை ரங்கூனுக்கு அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சண்டை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆள் இல்லையென்றால் தெரிவிக்கவும். காலயந்திரத்தை மட்டும் கொடுத்தால் போதும், நாமக்கல்லில் லாரியும் இருக்கிறது, டிரைவர்களும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும் மனுதாரர்.