குரு பகவானின் ஐஸ்கட்டியும் எங்கள் மலையின் மானமும்

ஏற்காட்டு லேடீஸ் சீட்டில் ஒரு தொலைநோக்கி உண்டு. அதில் கண்ணை வைத்தால் சேலம் தெரியும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் குடலைப் புரட்டிக்கொண்டு மேலே வந்து, விட்டுவந்த ஊரையே பார்த்து மகிழ்கிற பெருமை எங்களுடையது.

மலையடிவாரத்தில் வெள்ளைவெளேரென்று ஒரு கரடு. வெள்ளைக்காரர்கள் பார்த்தார்கள், வெளுப்பாக இருந்தது, ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது சாக்கட்டி இல்லை, மேக்னசைட்; உலைச் செங்கல்லுக்குப் போகிற சரக்கு. தூரத்திலிருந்து நிறத்தைப் பார்த்து ஜாதகம் கணித்தால் இப்படித்தான்.

வியாழனின் நிலா கானிமீடும் அப்படி மாட்டியிருக்க வேண்டியது. விட்டம் 5,268 கிலோமீட்டர், புதனைவிடப் பெரிசு, பளிச்சென்று வேறு இருக்கிறது. சுண்ணாம்பா, உப்பா, பனியா? போய்ச் சுரண்டிப் பார்க்க முடியாது. 1972-ல் பில்ச்சர், ரிட்ஜ்வே, மெக்கார்ட் என்ற மூவர், அதில் பட்டுத் திரும்பும் வெயிலை அகச்சிவப்பில் பிரித்துப் பார்த்தார்கள். உறைந்த தண்ணீர் 1.5, 2 மைக்ரான் பக்கத்து ஒளியை விழுங்கும். அங்கே பார்த்தால் குழி விழுந்திருந்தது. ஐஸ்தான், சந்தேகமில்லை.

அதே வருஷம் யோகம் அடித்தது எங்கள் பங்காளிக்கு. ஏற்காட்டுக்கு வடகிழக்கே நூறு கிலோமீட்டர் சொச்சத்தில், ஜவ்வாது மலையில், காவலூர். உயரம் வெறும் 725 மீட்டர். எங்கள் 1,500-க்கு முன்னால் அது திண்ணை. வானியலாளர் வைணு பாப்பு ஆய்வுக்கூடம் போட்டது அந்தத் திண்ணையில்தான். குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் மூடுபனி தேனிலவுக்காரர்களுக்குச் சொர்க்கம்; வானியல்காரருக்கோ கம்பளி போர்த்திய டிவி.

ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனி செய்த 1 மீட்டர் தொலைநோக்கி 1972-ல் காவலூரில் வந்து நின்றது. புதுச் சூடு ஆறுவதற்குள் ஜூன் 7 வந்தது. குரு தனுசில், ஆட்சி வீட்டில், கால்மேல் கால் போட்டிருந்தார். அவருடைய கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தபடி நடந்துபோனது. அந்த நட்சத்திரத்தின் பெயர் எஸ்ஏஓ 186800. ரேஷன் கார்டு நம்பர் இல்லை, பெயரேதான். காற்றில்லாத உருண்டை மறைத்தால் சுவிட்சைத் தட்டினாற்போல் ஒளி பட்டென்று அணையும். காற்றிருந்தால் ரெகுலேட்டரைத் திருகினாற்போல் குழைந்து அணையும். காவலூரிலும் ஜாவாவின் லெம்பாங்கிலும் பார்த்தவர்களுக்கு அது குழைந்ததாகத் தெரிந்தது. கானிமீடுக்கு வளிமண்டலம் உண்டென்று 1973-ல் ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரையே வந்தது. ஜவ்வாது மலையில் கால் தரையில் பாவவில்லை.

1979-ல் வாயேஜர் 1 விண்கலம் பக்கத்திலேயே போய்ப் பார்த்துவிட்டு, சொன்னதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லையென்று உதட்டைப் பிதுக்கியது. 1990-களில் ஹப்பிள் தொலைநோக்கி கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றியது: ஆக்ஸிஜன் இருக்கிறது, ஆனால் மகா மெலிசு. வியாழனைச் சுற்றும் மின்துகள்கள் ஐஸை மொத்தி, தண்ணீரை உடைத்துக் கிளப்பிய ஆக்ஸிஜன் அது. ஆக, காவலூர் பஜ்ஜி என்றது. இருந்தது பஜ்ஜி வாசம்.

அடுத்த கூத்து 1977 மார்ச் 10. யுரேனஸுக்கு அருகே ஒரு நட்சத்திரம் சில விநாடி மங்கியதைக் காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பிடித்துவிட்டார்கள். புதிய துணைக்கோள் என்று ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார்கள். அதே ராத்திரி இந்துமாக்கடலுக்கு மேலே விமானத்தில் தொலைநோக்கியோடு பறந்த அமெரிக்கர்களுக்கு, கிரகத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நட்சத்திரம் வரிசையாகக் கண் சிமிட்டியது. வளையங்கள்! ஒட்டியாணத்தின் ஓரத்தைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் மூக்குத்தி என்றிருந்தார்கள். இதைச் சொல்லிச் சிரிக்க ஏற்காட்டுக்காரனுக்கு அருகதை இல்லைதான். நாங்கள் அன்றைக்கு ஓரத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது ஐரோப்பியர்களின் ‘ஜூஸ்’ விண்கலம் கானிமீடின் ஐஸைப் பக்கத்திலிருந்தே துருவப் போய்க்கொண்டிருக்கிறது. 2023 ஏப்ரல் 13 அன்று புறப்பட வேண்டியது. மின்னல் பயத்தில் ஒரு நாள் தள்ளிப்போனது. மறுநாள் சித்திரை 1. எந்த ஜோசியரும் அதைவிட நல்ல நாள் குறித்துக் கொடுத்திருக்க முடியாது.