சாக மறுத்த சுண்டெலி

1976-இல் காங்கோவின் யாம்புக்கு என்ற ஊர்ப் பக்கம் எபோலா வைரஸ் தலைகாட்டியபோது, பிடித்த பத்துப் பேரில் ஒன்பது பேரைக் கொண்டுபோனது. அப்பேர்ப்பட்ட எமகிங்கரனை ஊசியில் ஏற்றி ஒரு சுண்டெலிக்குப் போட்டார்கள். வளர்ந்த எலி மீசையைத் துடைத்துக்கொண்டு தீனி தின்னப் போய்விட்டது.

ஆராய்ச்சியாளர்களுக்கு மானம் போயிற்று. மருந்தைச் சோதிக்க முதலில் நோய் வர வேண்டுமே! வைத்தியர் பெட்டியோடு வந்து உட்கார்ந்திருக்க, நோயாளி கபடி ஆடப் போனால் எப்படி?

1998-இல் அமெரிக்காவின் ஃபோர்ட் டெட்ரிக் ராணுவ ஆய்வுக்கூடத்தார் ஒரு வழி கண்டார்கள். பால் மறக்காத எலிக்குஞ்சுகளை மட்டும் எபோலா கொல்லும். அதனால் குஞ்சிலிருந்து வைரஸை எடுத்துச் சற்றே மூத்த குஞ்சுக்கு, அதிலிருந்து இன்னும் மூத்ததற்கு என்று வகுப்பு வகுப்பாகப் பாஸ் போட்டு ஏற்றினார்கள். கடைசியில் வளர்ந்த எலியையும் கொல்லும் பட்டதாரி வைரஸ் வெளிவந்தது. அதுவும் வயிற்றுக்குள் குத்தினால்தான். தோலுக்கடியில் குத்தினால் எலி மறுபடி தீனிக்குப் போய்விடும்.

எலியை நம்பி எப்படி மருந்து விற்பது? ரீசஸ் குரங்கிடம் போனார்கள். 2014-இல் ஸீமேப் மருந்து 18 குரங்குகளையும் காப்பாற்றியது. 2016-இல் ரெம்டெசிவிர் அதிக அளவில் கொடுத்த 6 குரங்குகளும் பிழைத்தன. ஆமாம், கொரோனாவின்போது சென்னையில் வரிசை கட்டி வாங்கினோமே, அதே ரெம்டெசிவிர்தான்.

2018-இல் காங்கோவில் மனிதர்களுக்குப் பரீட்சை வைத்தார்கள். குரங்கிடம் நூற்றுக்கு நூறு வாங்கியவை இங்கே கோட்டை விட்டன: ஸீமேப் வாங்கியவர்களில் பாதிப் பேர் இறந்தார்கள், ரெம்டெசிவிரில் 53 சதவீதம். குரங்குக்கு நோய் ஏறிய நேரம் ஊசி போட்டவருக்குத் தெரியும். மனிதரோ காய்ச்சல் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறார்.

ஜெயித்தவை இரண்டு. ஒன்று, 1995-இல் கிக்விட்டில் எபோலாவிலிருந்து பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பான். இதில் இறந்தோர் 35 சதவீதம். மற்றொன்று ஆர்இஜிஎன்-ஈபி3 என்ற மருந்து, இதில் 33.5 சதவீதம். அதிலுள்ள மூன்று எதிர்ப்பான்களும் மனித மரபணுவைப் பொருத்தி வளர்த்த ஒரு பிராணியின் உடம்பில் உருவானவை.

அந்தப் பிராணி சுண்டெலி. 2020 அக்டோபரில் எபோலாவுக்கென்று அமெரிக்கா முதன்முதலாக அனுமதித்த மருந்தும் அந்த ஆர்இஜிஎன்-ஈபி3தான்.