ஐந்து ஒயர் நான்கான புணர்ச்சி: ஓர் ஆராய்ச்சி

நன்னூலார் விகாரத்தை மூன்றாக வகுத்தார்: தோன்றல், திரிதல், கெடுதல். மோட்டார் சைக்கிளோடு டிரெய்லர் புணரும்போது எந்த விகாரம் வரும் என்று அவர் சொல்லவில்லை. அது அவர் குற்றமன்று. ஹோண்டா கோல்டுவிங் சந்தைக்கு வந்ததே 1975-இல்தான். விடுபட்ட அந்த நூற்பாவுக்கு உரை எழுதத் துணிகிறது இக்கட்டுரை.

களம் அமெரிக்கா. கூடாரமும் ஐஸ் பெட்டியும் ஏற்றிய சிறு டிரெய்லரை கோல்டுவிங்கின் பின்னால் மாட்டிக்கொண்டு மாநிலம் மாநிலமாகச் சுற்றும் வழக்கம் அங்கே உண்டு. வண்டியிலிருந்து வருவன ஐந்து ஒயர்கள்: டெயில் லைட், பிரேக், இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், எர்த். டிரெய்லரில் இருப்பவையோ நான்கே: பழுப்பு டெயில் லைட்டுக்கு, மஞ்சள் இடதுக்கு, பச்சை வலதுக்கு, வெள்ளை எர்த்துக்கு. பிரேக் எங்கே போயிற்று?

கெடவில்லை, வேற்றுமைத் தொகையில் உருபு மறைந்திருப்பது போல மறைந்திருக்கிறது. பின்பக்க இண்டிகேட்டர் சிவப்பாக இருக்கலாம் என்கிறது அமெரிக்கச் சட்டம். சிவப்பேயானால் பிரேக்குக்குத் தனி விளக்கு எதற்கு என்று ஒரே பல்பை இரு வேலைக்கும் வைத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் இண்டிகேட்டர் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும். எனவே அங்கே பிரேக்குக்குத் தனி ஒயர், இந்த ஆராய்ச்சிக்கு வேலையில்லை.

‘ரெண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினால் போதாதா?’ என்பது மறுதலைக் கட்சி. போதாது. என்னை? எனின், பிரேக் ஒயரை மஞ்சளோடும் பச்சையோடும் முடிந்தால் இடதும் வலதும் ஒன்றாகிவிடும். இடப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டால் இரு பக்கமும் சிமிட்டும், வண்டியின் பிரேக் லைட்டும் கூடச் சேர்ந்து சிமிட்டும். இதற்கென்றே ஐந்து ஒயரை நான்காக்கும் கன்வெர்ட்டர் என்றொரு பெட்டி உண்டு. அதன் இலக்கணமோ நுட்பமானது: பிரேக் மட்டும் பிடித்தால் இரண்டும் எரியும், பிரேக்கோடு இடது இண்டிகேட்டரும் சேர்ந்தால் இடது சிமிட்ட, வலது நின்று எரியும்.

இனி வகை. கன்வெர்ட்டரில் மலிவானது ஒன்று, பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுப்பது ஒன்று. டிரெய்லரில் வழக்கமாக இருக்கும் 1157 பல்பின் பிரகாச இழை ஏறத்தாழ 2.1 ஆம்பியர் குடிக்கும். பிரேக் பிடித்தால் இரண்டு பல்பு, 4.2. டெயில் லைட் இழைகள் இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு 1.2. மலிவு வகை இவ்வளவையும் வண்டியின் மெல்லிய விளக்கு ஒயர்களிலிருந்தே உறிஞ்சும். காரின் ஒயர் பொறுத்துக்கொள்ளும். பைக்கின் ஒயர் சூடாகும், ஃபியூஸ் போகும். தனி ஒயர் வகை வண்டியிடம் ‘இப்போது பிரேக்கா, இடதா?’ என்று சேதி மட்டும் கேட்டுக்கொண்டு, மின்சாரத்தை ஃபியூஸ் வழியாக பேட்டரியிலேயே எடுத்துக்கொள்ளும். டிரெய்லரில் எல்.ஈ.டி. விளக்கானால் இந்தக் கவலை பெரிதும் குறையும்.

பி.எம்.டபிள்யூ. ஆர் 1200 ஜி.எஸ். (2004) தனி இனம். அதில் வழக்கமான ஃபியூஸ்களே இல்லை. எந்த விளக்கு எவ்வளவு இழுக்கிறது என்று ஒரு கணினிப்பெட்டி கணக்குப் பார்க்கும், கூடினால் இணைப்பையே துண்டிக்கும். அரிசிப் பானையை அளந்து வைக்கும் மாமியாரிடம் மலிவு கன்வெர்ட்டர் செல்லாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் இடது இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் மங்கிச் சிமிட்டுவதுண்டு. உடனே கன்வெர்ட்டரைத் திட்டி இன்னொன்று வாங்குவார்கள். பாவம், குற்றம் வெள்ளை ஒயருடையது. ‘இரும்போடு இரும்பு தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது’ என்று டிரெய்லர் கொக்கியின் உருண்டையையே எர்த்தாக நம்பியிருப்பார்கள். அதன்மேலோ விரல் தடிமனுக்கு கிரீஸ். வழி கிடைக்காத மின்சாரம் அடுத்த இழை வழியாகத் திரும்பப் பார்க்கும். பேய் வேலை என்பது இதுதான்.

ஆகவே கடையில் நிற்கும் வாசகர் பெட்டியின் படத்தைப் பார்க்க வேண்டாம். பேட்டரிக்கென்று ஒரு ஒயர், ஃபியூஸோடு, தனியாகத் தொங்குகிறதா என்று பார்க்கவும். டிரெய்லரில் பழைய பல்பு இருந்து, அந்த ஒயர் தொங்கவில்லையானால், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவும்.