வைப்பரியல்

அயல்நாட்டில் வாடகைக் கார் ஓட்டும் தமிழர், வலப்பக்கம் திரும்ப நினைத்தால் வைப்பரைப் போடுவர். இடப்பக்கம் திரும்ப நினைத்தாலும் அஃதே. வெயிலுக்கும் மழைக்கும் இவ்விதி பொது. இதற்கு இதுவரை எவரும் உரை காணாமையின் இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக்களம், அமெரிக்காவில் லாஸ் வேகஸ் நகரிலிருந்து டெத் வேலிக்குச் செல்லும் சாலை. 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவான பள்ளத்தாக்கு அது. ஆண்டு முழுதும் பெய்வது சுமார் 5 சென்டிமீட்டர் மழை. இவ்வாராய்ச்சிக்கு இதனினும் தக்க நிலம் இல்லை. இதையே நவம்பர் மாதச் சென்னையில் செய்தால், மழையால் ஆடும் வைப்பர் எது, மடமையால் ஆடும் வைப்பர் எது என்று பிரிக்க முடியாமல் போகும்.

முதலில் வண்டி. ஒப்பந்தத்தில் ஒரு காரின் பெயரும், அதையடுத்து ‘அல்லது அதுபோன்ற ஒன்று’ என்ற பொருளில் ஒரு தொடரும் இருந்தன. இலக்கணம் படித்தவன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ‘போன்ற’ என்பது உவம உருபு. தொல்காப்பியத்தில் உவமவியல் என்று ஓர் இயலே உண்டு. உவமை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் கொள்கை. வாடகைக் கார்க்காரர்கள் இதை வழுவாமல் காக்கிறார்கள். படத்தில் காட்டிய வண்டி உயர்ந்தது. சாவி கொடுத்த வண்டியோ, முகம் நிலவைப் போன்றது என்கிறோமே, அந்த அளவுக்கு அதைப் போன்றது. பெட்டிகளில் ஒன்று தங்கை மகன் மடியில் ஏறியது.

இனிக் காரணம் கூறுவாம். நம் ஊர் மாருதி, ஹூண்டாய், டாடா வண்டிகளில் இண்டிகேட்டர் தண்டு ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம்; வைப்பர் இடப்பக்கம். அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் போனதோடு நில்லாமல் இத்தண்டுகளும் இடம் மாறிக்கொண்டன. 1908இல் வந்த ஃபோர்டின் மாடல் டி வண்டி ஸ்டியரிங்கை இடப்பக்கம் வைத்ததும் அந்நாட்டில் மற்றவர்களும் மெல்ல அவ்வழியே போனார்கள். ஆக, சாலை மாறியது கண்ணுக்குத் தெரிகிறது, இருக்கை மாறியது முதுகுக்குத் தெரிகிறது. வலக்கைக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. அது வேளச்சேரியில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கிறது.

அற்றேல், தொட்டில் பழக்கம் என்று சொல்லி முடித்துவிடலாமே எனின், ஆகாது. தொட்டிலில் எவரும் கார் ஓட்டுவதில்லை. நான் கற்றபோது எனக்கு முப்பத்தோரு வயது, இரண்டு பிள்ளைகள். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் வைத்திருப்போர்க்கு இந்தியாவிலேயே இண்டிகேட்டர் இடப்பக்கம் இருப்பதால் அவர்கள் தப்பினர் என்பாரும் உளர். ஒக்கும். ஆயினும் அவ்வண்டியை வாங்கிய முதல் வாரத்தில் அவர்கள் பாண்டி பஜாரில் என்ன செய்தார்கள் என்பதை அவர்கள் மனைவிமாரிடம் கேட்டறிக.

வைப்பரைப் பழிப்பது என் நோக்கமன்று. அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் 1903இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். உள்ளே ஒரு கைப்பிடி. அதை ஆட்டினால் வெளியே துடைக்கும். அக்காலத்தில் வைப்பர் ஆட வேண்டுமென்றால் ஓட்டுநர் அதை மனமார விரும்ப வேண்டியிருந்தது! பின்னர் விட்டுவிட்டு ஆடும் வைப்பரை ராபர்ட் கியர்ன்ஸ் உருவாக்கினார். தம் கண்டுபிடிப்பை எடுத்தாண்டதாக 1978இல் ஃபோர்டு மீது வழக்குத் தொடுத்து, 1990இல் ஒரு கோடி டாலருக்கு மேல் பெற்றார். இந்த வரலாறு வகைப்பாட்டுக்கு உதவுகிறது. லேன் மாறும்போது கை தயங்கித் தட்டுவதால் விளைவது கியர்ன்ஸ் வகை. யூ டர்ன் அடிக்கையில் பதற்றத்தால் விளைவது முழுவேக வகை. பின் இருக்கையிலிருந்து தங்கை மகன் கணக்கு வைத்தான். “மாமா, மறுபடியும் மழை,” என்பான். முதல் நாள் இருபத்துமூன்று மழை.

மூன்றாம் வகை ஒன்றுண்டு, அரியது. எங்களுக்கு முன்னே ஒரு வீட்டு வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. நம்மூர் வழக்கப்படி டிம் டிப் அடித்து ஒதுங்கச் சொல்லலாம் என்று தண்டை என் பக்கம் இழுத்தேன். விளக்குக்குப் பதில் கண்ணாடியெங்கும் சோப்புத் தண்ணீர் பீய்ச்சியது. கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கும் பேட்வாட்டர் உப்புப் படுகையை என் மனைவி முதன்முதலில் கண்டது அந்த நுரை வழியாகத்தான். அதன்பின் பத்து நிமிடம் வண்டியில் யாரும் பேசவில்லை.

இனி, இக்கட்டுரையின் முடிபு. வழியில் ஒரு சிற்றூர் நாற்சந்தி. நான்கு பக்கமும் நிறுத்தப் பலகை. முதலில் வந்து நின்றவர் முதலில் போக வேண்டும் என்பது அங்குள்ள முறை. நான்தான் கடைசியாக வந்தேன். திரும்புவதற்காக உரிய தண்டைத் தட்டினேன். அதாவது உரியதல்லாத தண்டை. ஒரு மேகம்கூட இல்லாத வானத்தின் கீழ் வைப்பர் ஆடக் கண்ட மற்ற மூவரும், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, என்னை முதலில் போகச் சொல்லிக் கைகாட்டினார்கள். ஒருவர் தம் வண்டியைச் சற்றுப் பின்னுக்கும் எடுத்தார். இதனால் பெறப்படுவது: இண்டிகேட்டர், வண்டி எப்பக்கம் திரும்பும் என்று சொல்லும், வைப்பர், ஓட்டுபவர் யார் என்று சொல்லும். சாலையில் நிற்பவர்க்கு இரண்டாவது செய்தியே உயிர்காப்பது.

பன்னிரண்டாம் நாள் கை திருந்தியது. பதின்மூன்றாம் நாள் விமானம் ஏறினோம்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, கத்திப்பாரா அருகே என் சொந்த வண்டியில் இடப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டேன். சுள்ளென்ற வெயிலில் வைப்பர் இரண்டும் எழுந்து ஆடின. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஃபாரின்லேர்ந்து எப்ப சார் வந்தீங்க?”