சாம்பாரில் லேப்ரடார்

போன இதழில் என் வீட்டு லேப்ரடாரைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சில உறைகளைப் பிரித்தால் கடிதத்தோடு முடியும் சேர்ந்து விழுகிறது. ஆகவே இந்த இதழ் முழுக்க அதுதான்.

புதிதாக லேப்ரடார் குட்டி வாங்கியிருக்கிறோம். எந்த மாதத்தில் முடி கொட்டும்?
– புது வீட்டுக்காரர், தாம்பரம்

ஜனவரி முதல் டிசம்பர் வரை. நடுநடுவே கொஞ்சம் அதிகமாகவும் கொட்டும்.

வருஷத்துக்கு இரண்டு தடவைதான் கொட்டும் என்று குட்டியை விற்றவர் சத்தியம் செய்தாரே? எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஐந்து வயதாகிறது. ஒரு நாள்கூட ஓய்ந்தபாடில்லை.
– ஏமாந்தவர், கோயம்புத்தூர்

விற்றவர் பொய் சொல்லவில்லை. அட்சரேகையைச் சொல்ல மறந்துவிட்டார்.

லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர் எல்லாம் இரட்டைக் கம்பளி போர்த்திய ஜாதி. மேலே தெரிவது முரட்டு முடி. அதை விலக்கிப் பார்த்தால் அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு இருக்கும். லேப்ரடாரின் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களோடு பனிக்கடலில் நீந்தியவை. தண்ணீர் தோலைத் தொடாமலிருக்க அந்தப் பஞ்சு தேவைப்பட்டது. நாம் அதைத் தாம்பரத்துக்கும் கோவைக்கும் அழைத்து வந்துவிட்டோம். அது ஸ்வெட்டரைக் கழற்றாமலே வந்துவிட்டது.

எப்போது கழற்றுவது என்பதை அதன் உடம்பு வெயிலைவிடப் பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் அதிகம் தீர்மானிக்கிறது. லண்டனில் கோடைப் பகல் பதினாறரை மணி நேரம், குளிர்காலப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அங்கே இருக்கும் நாய்க்குக் காலண்டரே வேண்டாம். வசந்தத்தில் ஒரு கொட்டல், இலையுதிர் காலத்தில் ஒரு கொட்டல். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். போதாக்குறைக்கு நாம் ராத்திரி பதினொன்று வரை ட்யூப்லைட் போட்டு சீரியல் பார்க்கிறோம். பக்கத்தில் படுத்திருக்கும் நாய்க்கு எது பகல், எது பருவம் என்று எப்படித் தெரியும்? மொத்தமாகக் கொட்ட வேண்டியதை மாதத் தவணையில் கட்டுகிறது.

வெயிலுக்கு மொட்டை அடித்துவிட்டால் என்ன? நாய்க்கும் குளுமை, நமக்கும் நிம்மதி.
– வேலூர் வாசகர்

வேலூர் வெயிலுக்கு மொட்டை நமக்குச் சரி. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், காற்று பட்டால் குளிரும். நாய்க்கு வியர்வைச் சுரப்பி வேலை செய்வது பெரும்பாலும் உள்ளங்காலில்தான். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மேல் முடி வெயில் நேராகத் தோலில் விழாமல் தடுக்கும் குடை. குடையைப் பிடுங்கினால் தோல் வெந்துபோகலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரட்டை அடுக்கு முடியை ஒட்டச் சிரைத்தால், சில நாய்களுக்கு அடிப்பஞ்சு முதலில் வளர்ந்து மேல் முடி திட்டுத்திட்டாக வரும். சிலவற்றுக்குப் பழையபடி வரவே வராது. இவ்வளவுக்கும் பிறகு கொட்டுவது நிற்குமா என்றால் அதுவும் இல்லை. நீள முடிக்குப் பதில் ஊசி ஊசியாகக் குட்டை முடி கொட்டும், சோபாத் துணியில் குத்திக்கொண்டு வெளியே வர மறுக்கும். புண்ணுக்கோ அறுவை சிகிச்சைக்கோ டாக்டர் சிரைத்தால் அது வேறு கதை. குளுமைக்கு மின்விசிறி, நிழல், ஈரத்தரை, தாராளமாகத் தண்ணீர், வெயில் ஏறுமுன் நடை. இவை போதும்.

சாம்பாரில் நாய் முடி கிடந்தால்?
– சமையற்கட்டிலிருந்து, மதுரை

எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். விருந்தாளியின் இலை என்றால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுங்கள்.

எங்கள் மாமியார் வாராவாரம் நாய்க்கு நல்லெண்ணெய் தேய்த்து, தன் ஷாம்பூவையே போட்டுக் குளிப்பாட்டுகிறார். முடி உதிர்வது நிற்குமா?
– மருமகள், திருச்சி

நிற்காது. எண்ணெயை நாய் நக்கும், வயிற்றால் போகும். மிச்சமிருப்பதில் தெருப்புழுதி ஒட்டும். மனிதத் தோலுக்குச் செய்த ஷாம்பூ நாய்த் தோலுக்குப் பொருந்தாது. வாராவாரம் போட்டால் தோல் வறண்டு, பொடுகு வந்து, முடி இன்னும் கூடுதலாகத்தான் கொட்டும். உடம்பில் கோளாறு இல்லாத நாய்க்கு மாதம் ஒரு குளியல் தாராளம், நாய்க்கென்றே விற்கும் ஷாம்பூவில்.

குளிப்பாட்டுவதற்கு முன்பே சீவிவிட வேண்டும். செத்த முடி உள்ளேயே இருக்கத் தண்ணீர் ஊற்றினால் சிக்குப் பிடித்துக்கொள்ளும். குளித்த பிறகு அடிவரை உலர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் கிடந்து புண்ணாகும். இதையெல்லாம் மாமியாரிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. நான் திருச்சிப் பக்கம் வருவதாக இல்லை.

சீவுங்கள், சீவுங்கள் என்கிறார்கள். எதைக் கொண்டு, எவ்வளவு நேரம், எத்தனை நாளைக்கு ஒரு முறை? பிராக்டிகலாகச் சொல்லவும்.
– பொறுமை இழந்தவர், சேலம்

கொட்டப்போகும் முடியைக் கொட்டுமுன் வாங்கிவிடுவது ஒன்றுதான் வழி. சீப்பில் வந்த முடி சாம்பாருக்கு வராது.

லேப்ரடார் மாதிரிக் குட்டை முடிக்கு ரப்பர் பல் வைத்த பிரஷ் அல்லது ரப்பர் கையுறை. ஷெப்பர்ட், கோல்டன் என்றால் நீளப் பல் சீப்பு ஒன்று, வளைந்த கம்பிப் பல் வைத்த பிரஷ் ஒன்று. உள்முடியை உருவித் தள்ளும் பிளேடு மாதிரி ஒரு சாமான் கடையில் கிடைக்கும். முதல் நாள் மூட்டை மூட்டையாக வரும்போது உலகத்தையே ஜெயித்த மாதிரி இருக்கும். அந்த மயக்கத்தில் தினம் போட்டு இழுத்தால் நல்ல மேல் முடியையும் அறுத்துவிடும், தோலும் சிவந்துபோகும். வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். எந்தச் சீப்பானாலும் முதலில் உங்கள் முன்கையில் இழுத்துப் பாருங்கள். உங்களுக்கு வலித்தால் அதற்கும் வலிக்கும்.

தினம் பத்து நிமிஷம் என்பது உத்தமம். வாரம் மூன்று நாள், இருபது நிமிஷம் என்பது நடப்பது. நான் இரண்டாவது கட்சி. எங்கள் வீட்டில் மொட்டைமாடியில் காலை ஆறரைக்கு. முதலில் வீட்டுக்குள்ளேயே செய்தேன், மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நடந்ததை என் மனைவி இன்னும் உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

முடி வரும் திசையிலேயே சீவுங்கள். காதின் பின்பக்கம், தொடையின் பின்பக்கம், வால் அடி ஆகிய மூன்று இடத்திலும்தான் சிக்கு குடியிருக்கும். சீவும்போதே விரலால் தடவிப் பார்த்தால் உண்ணியும் அகப்படும். எப்போது நிறுத்துவது? முடி தீர்ந்ததும் நிறுத்தலாம் என்று உட்காராதீர்கள், நாய்தான் தீரும். மணியைப் பார்த்து நிறுத்துங்கள்.

பெருக்கப் பெருக்க முடி பறக்கிறதே தவிர, முறத்துக்கு வரமாட்டேன் என்கிறது.
– திருநெல்வேலி வாசகி

முதலில் ஃபேனை அணையுங்கள். சிரிக்காதீர்கள், பாதிப் பேர் செய்வதில்லை. பூந்துடைப்பம் முடியை இடம் மாற்றும், அவ்வளவுதான். பாத்ரூமில் தண்ணீர் தள்ளுகிற ரப்பர் வைப்பரில் புதிதாக ஒன்று வாங்கி, காய்ந்த தரையில் இழுத்துப் பாருங்கள், பாய் மாதிரி சுருண்டு வரும். சோபாவுக்குப் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே திசையில் தடவினால் போதும். துணியை வாஷிங் மெஷினில் போடுமுன் காய்ந்த நிலையில் உதறுங்கள், நனைந்த முடி ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். பாத்ரூம் ஜலதாரைக்கு ஒரு வலை.

தானாகச் சுற்றும் ரோபோ வேக்குவம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நன்றாகவே அள்ளும். ஆனால் வீட்டுக்குள் காலைக்கடன் கழித்துவிடும் குட்டி இருந்தால் அதை ஆளில்லாத நேரத்தில் ஓட விடாதீர்கள். அது எல்லாவற்றையும் சமமாகப் பாவித்து வீடு முழுக்கப் பூசிவிடும்.

நாங்கள் சைவம். தயிர் சாதம்தான் போடுகிறோம். நாயும் ரசித்துத்தான் சாப்பிடுகிறது. முடி கொட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
– கும்பகோணம் வாசகர்

உண்டு. முடி என்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். வெறும் தயிர் சாதத்தில் வயிறு நிறையும், புரதம் நிறையாது. வரும்படி குறைந்த வீட்டில் முதலில் சுண்ணாம்பு அடிப்பதை நிறுத்துவது போல, உடம்பும் முதலில் முடியில்தான் சிக்கனம் பிடிக்கும். பளபளப்பு போகும், பிறகு முடியே போகும். முட்டைக்கு வீட்டில் அனுமதி கிடைத்தால் வேகவைத்துக் கொடுங்கள். பச்சை வெள்ளைக்கருவைத் தொடர்ந்து கொடுத்தால் பயோட்டின் என்ற வைட்டமினை அது உடம்பில் சேரவிடாது. அசைவ வீடுகளில் மத்தி மீனை உப்பு, காரம் இல்லாமல் அவித்து, முள்ளை எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு தோலுக்கு நல்லது. எதுவும் ஒத்துவரவில்லை என்றால் முழுச் சத்துள்ள நாய்த் தீவனம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், ஆகவே சாம்பார் சாதம் கூடாது.

பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அப்போதும் கொட்டும், ஆனால் பளபளப்பாகக் கொட்டும்.

இது சாதாரணமா, நோயா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஈரோடு வாசகி

இந்தப் பகுதியில் கிண்டலை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டிய பதில் இது. தரையைப் பார்க்காதீர்கள், நாயைப் பாருங்கள். தரையில் எவ்வளவு கிடந்தாலும் உடம்பில் வெற்றிடம் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் அது வழக்கமான உதிர்வு. வட்ட வட்டமாகத் திட்டு விழுந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அது குழந்தைகளுக்கும் தொற்றும். இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி போய், வால் எலிவால் போலாகி, தின்னாமலே எடை ஏறி, எப்போதும் சோம்பிப் படுத்திருந்தால் தைராய்டு குறைவாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரியும், மாத்திரைக்குக் கட்டுப்படும். ஓயாத சொறிச்சல், துர்நாற்றம், சிவப்பு, கசிவு இருந்தால் வேப்பிலை அரைத்துப் பூசிப் பார்க்கலாம் என்று ஒரு மாதத்தைக் கழிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். உண்ணி கடித்த நாய் சாப்பாட்டை ஒதுக்கினாலோ, காய்ச்சலில் சுருண்டாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

குட்டி போட்ட தாய்க்குச் சில வாரங்களில் கொத்துக்கொத்தாகக் கொட்டும். அது பயப்பட வேண்டியதில்லை, திரும்ப வளரும்.

மகனுக்கு மூச்சிரைப்பு. முடியே கொட்டாத நாய் வாங்கினால் அலர்ஜி வராதாமே?
– சென்னை வாசகர்

1980-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் இதே ஆசையில்தான் ஒரு நாய் பிறந்தது. ஹவாயில் பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் வேண்டும், கணவருக்கோ நாய் அலர்ஜி. வாலி கான்ரன் என்பவர் லேப்ரடாரையும் பூடிலையும் இணைத்தார். முதல் ஈற்றில் மூன்று குட்டிகள். அவற்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதித்தபோது கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டி. கூடப் பிறந்த குட்டிகளே இப்படி! பின்னாளில் லேப்ரடூடில் என்ற பெயரில் கண்டவரெல்லாம் வியாபாரம் செய்ததைப் பார்த்து, ஏன் தொடங்கினோம் என்று அவரே வருந்தினார்.

அலர்ஜி முடியில் இல்லை. நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள புரதங்களில் இருக்கிறது. முடி வெறும் பஸ், பயணி வேறு. 2012-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அளந்தபோது, அலர்ஜி தராது என்று விற்கப்படும் ஜாதிகளிடம் அந்தப் புரதம் குறைவாக இல்லை. குட்டியைப் பார்க்குமுன் மகனை டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்படியானால் நம்ம ராஜபாளையம் நாயே மேல் அல்லவா?
– தென்காசி வாசகர்

2005-இல் தபால்தலையிலேயே இடம் பிடித்த நாய், அதற்கு என் சிபாரிசு எதற்கு? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் நம் வெயிலுக்கே பிறந்தவை. குட்டை முடி, அடியில் கம்பளி இல்லை. அதனால் கொட்டுவது குறைவு. ஆனால் ஓட நிலம் வேண்டும், புது ஆளை லேசில் ஏற்காது. இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் அடைத்துவிட்டு, சோபா சுத்தமாக இருக்கிறது என்று நீங்கள் சந்தோஷப்பட்டால், சோபாவையே அது இல்லாமல் செய்துவிடும்.

சேர்ந்த முடியை என்ன செய்வது? விற்க முடியுமா?
– சிக்கனக்காரர், காரைக்குடி

வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் ஸேலிஷ் பூர்வகுடிப் பெண்கள் கம்பளிக்காகவே ஒரு ஜாதி நாயை வளர்த்தார்கள். ஆட்டைப் போல முடி கத்தரித்து, மலையாட்டு முடியோடு கலந்து போர்வை நெய்தார்கள். அந்த ஜாதி அழிந்துவிட்டது. 1859-இல் செத்த ‘மட்டன்’ என்ற நாயின் தோல் மட்டும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2023-இல் அதன் மரபணுவைப் படித்து வெளியிட்டார்கள். உங்கள் ஊரில் போர்வைக்கு ஆள் கிடைக்காது. செடித்தொட்டி மண்ணில் கலந்துவிடுங்கள், மெதுவாக மக்கித் தழைச்சத்து தரும்.

குருவி கூடு கட்டட்டும் என்று வெளியே மட்டும் போடாதீர்கள். பிரிட்டனில் கூடுகளைச் சோதித்தபோது, உண்ணிக்காக நாய்க்குப் போடும் மருந்து அவற்றில் இருந்தது. மருந்து அதிகமிருந்த கூடுகளில் பொரியாத முட்டைகளும் அதிகம்.

இவ்வளவு தொல்லை எதற்கு? நீங்கள் ஏன் வளர்க்கிறீர்கள்?
– நாய் இல்லாதவர், நாகர்கோவில்

எங்கள் லேப்ரடாருக்கு எட்டு வயது. நான் கறுப்புச் சட்டை போடுவதை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. ஏன் என்று யோசிக்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை, சீவிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் உறையை ஒட்டுமுன் கடிதத்தை ஒருமுறை உதறிவிடவும்.