பிடரிமானி: சப்ரகமுவக் கம்பளியின் சுணை குறித்த ஓர் ஆய்வு

கம்பளி உடம்புக்கு இதமானதா என்ற கேள்வியை உலகம் இதுவரை கையால் தடவிப் பார்த்தே தீர்த்து வந்திருக்கிறது. அந்த வழக்கம் தவறு என்பதும், சப்ரகமுவத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்ணின் பிடரியே நம்பத்தகுந்த ஒரே கருவி என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். இந்தக் கருவிக்கு மின்சாரம் வேண்டாம், பழுதுபார்ப்பு வேண்டாம். விடிந்ததும் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்துக்குத் தானாக வந்து நிற்கும்.

முன்னோடிகளுக்கு உரிய வணக்கத்தை முதலில் செலுத்திவிடுவோம். கியோட்டோப் பல்கலைக்கழகத்தின் கவபாத்தா 1970களில் துணியின் கைப்பதத்தை எண்ணாக மாற்றும் முறையை உருவாக்கினார். துணியை இழுத்தும் வளைத்தும் அழுத்தியும் மேற்பரப்பை வருடியும் 16 அளவுகள் எடுப்பது அவர் வழி. அவுஸ்திரேலியர்களின் கவலை வேறு. தங்கள் நாட்டு ஆட்டுமயிர் ஊரார் கழுத்தைக் குத்துகிறது என்ற பேச்சு அவர்களுடைய வயிற்றில் அடிக்கிற பேச்சு. ஆராய்ந்தார்கள். குத்துவதற்கு ஒவ்வாமை காரணமில்லை, இழையின் தடிப்பே காரணம் என்று தெரிந்தது. துணிக்கு மேலே துருத்தி நிற்கும் மெல்லிய இழைநுனி தோலில் பட்டதும் வளைந்துவிடும். தடித்த நுனி வளையாது. ஏறத்தாழ 75 மில்லிகிராம் பாரத்தோடு ஊன்றி, தோலுக்கடியிலுள்ள வலிநரம்பை எழுப்பிவிடும். எல்லைக்கோடு சுமார் 30 மைக்ரோன். அதைத் தாண்டிய இழைகள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போனால் உடுத்தியவர் நெளியத் தொடங்குவார். துருத்திய நுனிகளை ஒரு மெல்லிய கம்பியால் வருடிக் கணக்கெடுக்கும் இயந்திரம்கூடச் செய்துவிட்டார்கள்.

இவ்வளவு செய்தவர்கள் சப்ரகமுவவின் இரத்தினபுரிக்கு வரவில்லை என்பதே இத்துறையின் பெருங்குறை.

கம்பளி என்றாலே குளிர் என்று நினைப்பவர்கள் நுவரெலியாவோடு நின்றுவிடுகிறார்கள். இரத்தினபுரியின் சராசரி வெப்பநிலை 27 பாகை. ஆண்டு மழையோ 3500 மில்லிமீட்டருக்கு மேல். தெஹியோவிட்ட, யட்டியாந்தோட்டை, காவத்தை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களில் கம்பளிக்குக் குளிரோடு பெரிய வழக்கு எதுவும் இல்லை. அது மழைக்காகத் தலையில் ஏறியது. ஆகவே உள்ளே வியர்வை, வெளியே மழை, நடுவே ஆட்டுமயிர். வியர்த்து ஊறிய தோலில் குத்தல் கூடும் என்பது ஆய்வுகூடத்தாரும் ஒப்புக்கொண்டது. அவர்கள் பாடுபட்டு உண்டாக்க வேண்டிய சூழலை இங்கே தென்மேற்குப் பருவக்காற்று இலவசமாகத் தருகிறது.

பரிசோதனையைக் கிட்டே நின்று பார்த்தால் இப்படி இருக்கும். கம்பளியை முக்காடு போன்ற கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டதும் அதன் விளிம்பு பிடரியில் வந்து விழும். கூடைக்கயிறு அதற்கு மேலே நெற்றியை வளைத்து ஏறும். கூடையில் கொழுந்து நிறைய நிறையக் கயிறு இறுகும்; கயிறு இறுக இறுகத் தோலைத் தொடும் நுனிகள் பெருகும். கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்கு ஈரத்தை ஈரமென்று காட்டாமலே குடித்து வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் அதன் உண்மையான எடையும் ஆட்டு வாடையும் வெளிப்படும். இரண்டு கையும் செடிமேல். சொறிய ஒரு கையை எடுத்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் அரைநாள் பேர்தான் விழும். எனவே கொழுந்தெடுப்பவள் சொறிவதில்லை. வலது தோளை ஒருமுறை உயர்த்திக் காதோடு உரசிவிட்டு அடுத்த செடிக்குப் போவாள். அந்தத் தோள் உயர்த்தலையே நாம் அடிப்படை அலகாகக் கொள்கிறோம். பெயர், ஒரு சுணை. கங்காணிமார் இதே அசைவைத் திமிர் என்ற வேறோர் அலகில் குறித்துவந்ததால் பழைய தரவுகள் ஒப்பீட்டுக்கு உதவா.

ஒப்பீட்டுக்குக் கீழ்வரம்பாக அட்டையை எடுத்துக்கொண்டோம். அது இரத்தத்தைக் குடித்துவிட்டு விழுந்த பிறகுதான் கடித்ததே தெரியும். ஆக, அட்டை சுழியம் சுணை. இரத்தம் குடிக்காத கம்பளி அதனினும் அதிகமாகக் கடிக்கிறது என்பது இவ்வாய்வின் துணைக் கண்டுபிடிப்பு.

இனி மையமான விடயம். கையின் தோல் தடித்தது. உள்ளங்கைக்கும் விரல்நுனிக்கும் இந்தக் குத்தல் தெரியவே தெரியாது. பூனைமயிர் படர்ந்த மெல்லிய தோலுக்குத்தான் தெரியும்: பிடரிக்கு, முன்கையின் உட்புறத்துக்கு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தோட்டத்தில் கம்பளியைக் கொடுத்து, அதன் விலையைக் கூலியில் பற்றெழுதிக் கழித்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. கொடுத்தவர் அதை மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் தடவி, நல்ல சரக்கு என்றிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கையைப் பொறுத்தவரை அது நல்ல சரக்குத்தான். காசு கழிபட்டது பிடரியின் கணக்கில்.

இதற்கான தீர்வை லயத்துப் பெண்கள் எந்த ஆய்வுகூடத்துக்கும் முன்பே கண்டுவிட்டார்கள்: பழைய பருத்திச் சேலையின் கிழிசலொன்றைக் கம்பளிக்கு உள்ளே, கழுத்தோரம் மடித்து வைத்துக்கொள்வது. மெல்லிழை மெரினோவும் வேண்டாம், மைக்ரோனும் வேண்டாம். இப்போது மழைக்குப் பொலித்தீன் வந்துவிட்டது. அது குத்தாது, அவித்துவிடும். அதை அளக்க வேறோர் அலகு தேவை. அது தனி ஆய்வு.

தோட்டத்துக்கு மழையங்கி வாங்கத் தீர்மானிக்கும் கனவான்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே. அடுத்த கூட்டத்தை யூன் மாதத்தில், மழை வலுத்த ஒரு நாளில், பெரட்டுக்களத்தில் வையுங்கள். மாதிரித் துணியை ஆளுக்கொன்றாகத் தலையில் போட்டு, நிறைந்த கூடையைக் கயிற்றில் மாட்டி, மதியம்வரை மலையில் நில்லுங்கள். சேலைக் கிழிசல் அனுமதிக்கப்படாது. மதியத்துக்குப் பிறகு கையெழுத்திடலாம்.