ஆராதனைக்கு வராத எஃப்.என்.யூ.

அன்புள்ள அம்மா,

நல்லா இருக்கேன். போன்ல நீ கேட்ட கேள்விக்கு அன்னிக்கு பதில் சொல்ல விடலை. பின்னாடியே அப்பா, "சேலத்துலயே சட்டம் படிச்சிருக்கலாம்"னு ஆரம்பிச்சுட்டாரு. இப்ப சாவகாசமா எழுதறேன். வெளியே முழங்கால் வரைக்கும் பனி, எங்கேயும் போக முடியாது. ஏற்காட்டுல பொறந்தவனை மிச்சிகன் குளிர் என்ன பண்ணும்னு பஸ் ஸ்டாண்டுல பேசினது யாருக்காவது ஞாபகம் இருந்தா, அது பெரியவன் பேசினதுன்னு சொல்லிடு.

"சாமி கும்பிடற காலேஜுல திருடன் போலீஸ் படிப்பு எதுக்குடா?"ன்னு கேட்டே. நியாயமான கேள்விதான். ஆனா ஜெயிலுங்கற ஏற்பாட்டுலயே சாமி கும்பிடறவங்க கை நிறைய இருக்கும்மா. குவேக்கர்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவு. திருடனை அடிக்காதே, தூக்குல போடாதே, தனி அறையில பைபிளைக் கொடுத்து உக்கார வெச்சா தானா மனம் திரும்புவான்னு நம்பினவங்க. அந்த யோசனையில 1829ல பிலடெல்பியாவுல ஒரு ஜெயில் திறந்தாங்க. பக்கத்து அறையில யார் இருக்காங்கன்னுகூட கைதிக்குத் தெரியாது. வெளியே கூட்டிட்டுப் போனா முகத்துக்கு முக்காடு. 1842ல நாவல் எழுதற சார்லஸ் டிக்கன்ஸ் வந்து பார்த்துட்டு, உடம்பை வதைக்கறதைவிட இது கொடுமைன்னு எழுதிட்டுப் போனார். நல்லெண்ணத்துல ஆரம்பிச்ச பாவம். அதைப் படிக்கிற பொறுப்பும் அவங்களுக்குத்தானே இருக்கணும்?

இந்த மிச்சிகன்காரங்களையும் குறை சொல்லக் கூடாது. கொலைக்கு மரண தண்டனை வேண்டாம்னு 1846லேயே சட்டம் போட்டவங்க. கொலைகாரனை மன்னிச்ச ஊர், காலை ஆராதனைக்கு வராதவனை மட்டும் மன்னிக்காது. அந்தக் கதைக்குத்தான் வர்றேன்.

எங்க காலேஜுல ஒரு செமஸ்டருக்கு இத்தனை ஆராதனைன்னு கணக்கு உண்டு. கோயில் வாசல்ல ஒரு மெஷின். கார்டைக் காட்டினா பச்சை விளக்கு, 'டிங்'. பசங்க என்ன பண்ணாங்க? முன்வாசல்ல டிங் வாங்கிட்டுப் பக்கவாசல் வழியா கிளம்பிட்டாங்க. உடனே, வெளியே போறப்பவும் டிங் வேணும்னாங்க. அப்புறம் ஒருத்தனே அறைத்தோழன், அவன் தோழன் எல்லாருடைய கார்டையும் சீட்டுக்கட்டு மாதிரி கையில வெச்சுக்கிட்டு டிங் டிங் டிங்னு ஜெபமாலை உருட்டினான். அதனால மெஷின் பக்கத்துல முகத்தையும் போட்டோவையும் ஒத்துப்பார்க்க ஒரு பையனை நிறுத்தினாங்க. அவன் சீனியர், ஒரு பீட்சாவுக்கு எல்லா முகமும் அவனுக்கு ஒண்ணுதான். இப்ப அவனைக் கண்காணிக்க ஒரு கேமரா. தண்டனை கடுமையா இருக்கறதைவிடத் தப்பாம கிடைக்கறதுதான் குற்றத்தைக் குறைக்கும்னு 1764லேயே பெக்காரியான்னு ஒரு இத்தாலிக்காரர் எழுதியிருக்கார். எங்க மெஷின் அவரைக் கரைச்சுக் குடிச்ச மெஷின்.

இத்தனைக்கும் நான் ஒழுங்காப் போறவன். மாதா சுரூபமே இல்லாத கோயில்தான், முட்டி போட இடமும் இல்லை, ஆனாலும் போறேன். உள்ளே ஹீட்டர் இருக்கு. இப்படி இருக்க ஒருநாள் ஈமெயில் வருது: இந்தச் செமஸ்டர் நீங்க ஒரு ஆராதனைக்கும் வரலை, இருபத்தஞ்சு டாலர் அபராதம், ஒழுங்குக் குழு முன்னாடி ஆஜராகவும்!

தப்பு எங்கே தெரியுமா? என் பேர்ல. பாஸ்போர்ட்டுல குடும்பப் பேர் இடத்தைக் காலியா விட்டோமே, நமக்கு ஏது குடும்பப் பேர்? இவங்க விசாவுல என் பேரைக் குடும்பப் பேராக்கிட்டு, முதல் பேர் இடத்துல 'எஃப்.என்.யூ.'ன்னு அடிச்சுட்டாங்க. முதல் பேர் தெரியலைன்னு அர்த்தம். ஞானஸ்நானத்துக்கு சாமியார் தேடித் தேடி வெச்ச பேருக்கு வந்த கதி! இங்கே எல்லாரும் என்னை "ஹாய், ஃபனூ"ங்கறாங்க. ஜாவாத் தீவுலேருந்து வந்த ஒரு பையனுக்கும் ஒத்தைப் பேர்தான், அவனும் ஃபனூ. நான் வாங்கின டிங் அத்தனையும் அவன் கணக்குல ஏறியிருக்கு. அவன் போர்வைக்குள்ள கிடந்துக்கிட்டே காலேஜுலயே பெரிய பக்திமானாயிட்டான்.

விசாரணையில மூணு பேர் உக்காந்திருந்தாங்க. எனக்கு ஒரே குஷி. பாடத்துல படிச்சதையெல்லாம் எடுத்து விட்டேன்: நிரூபிக்க வேண்டியது உங்க பொறுப்பு, எனக்கு வக்கீல் வெச்சுக்க உரிமை உண்டு, 1963ல கிடியன் வழக்குல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்குன்னேன். நடுவுல இருந்த அம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு, "தம்பி, இது அபராதம், ஜெயில் இல்லை"ன்னாங்க. கடைசியில ஆர்கன் வாசிக்கிற தாத்தா வந்துதான் காப்பாத்தினார். "ஹீட்டர் பக்கத்துல குரங்குக் குல்லாவோட உக்காந்திருக்கற பையன்தானே? தினமும் வர்றானே!" நீ பின்னிக் கொடுத்த குல்லாதான் சாட்சி.

அதோட விட்டாங்களா? என்னையும் ஜாவாக்காரனையும் வட்டமா உக்கார வெச்சு, கையில ஒரு கூழாங்கல்லைக் கொடுத்தாங்க. கல் யார் கையில இருக்கோ அவங்கதான் பேசணும். "இதனால உனக்கு என்ன பாதிப்பு?"ன்னு என்னைக் கேட்டாங்க. "கல் ஜில்லுனு இருக்கு"ன்னேன்.

கேலி பண்றேனே தவிர, அந்த வட்டம் பெரிய விஷயம்மா. 1974ல கனடாவுல எல்மிரான்னு ஒரு சின்ன ஊர். ரெண்டு பசங்க குடிச்சுட்டு ஒரே ராத்திரியில 22 இடத்துல கண்ணாடியை உடைச்சு, டயரைக் கிழிச்சு அட்டகாசம் பண்ணிட்டாங்க. மெனோனைட் சபையைச் சேர்ந்த ஒரு நன்னடத்தை அதிகாரி நீதிபதிகிட்ட, இவங்களை வீடு வீடா அனுப்பிப் பார்ப்போமேன்னார். நீதிபதியும் சரின்னுட்டார். பசங்க ஒவ்வொரு கதவாத் தட்டி, நாங்கதான் பண்ணோம்னு சொல்லி, நஷ்டத்தையும் கட்டினாங்க. அதுலேருந்து கிளைச்ச படிப்புதான் நான் படிக்கிறதுல பாதி. பக்கத்து வீட்டு மாடு நம்ம பீன்ஸை மேஞ்சப்ப நீ ஸ்டேஷனுக்கா போனே? மாட்டுக்காரியைக் கூப்பிட்டு, காலிப் பாத்தியைக் காட்டி, காபி கொடுத்து, ஒரு மாசத்துக்குப் பால் பேசி முடிச்சே. அதுக்கு இங்கே மூணு கிரெடிட், ரெண்டு புஸ்தகம். நம்ம நாட்டுலயும் 2024 ஜூலை முதல் வந்த புதுச் சட்டத்துல, முதல் தடவையா 5,000 ரூபாய்க்குக் குறைவாத் திருடினவன் அதைத் திருப்பிக் கொடுத்துட்டா சமூக சேவைதான் தண்டனை. இதை வகுப்புல எழுந்து சொன்னேன். வாத்தியார் குறிச்சுக்கிட்டார். அப்பாகிட்ட சொல்லு.

அப்புறம், அவங்கவங்க ஊர் ஜெயிலைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் சேலம் அஸ்தம்பட்டி ஜெயிலைச் சொன்னேன். மலைக்குப் பஸ் ஏறுறப்ப எத்தனை தரம் அந்தப் பக்கமாப் போயிருக்கோம்! 1950 பிப்ரவரி 11, குடியரசாகி மூணு வாரம்கூட ஆகலை. எங்களைச் சாதாரணக் குற்றவாளி மாதிரி நடத்தாதீங்கன்னு நின்ன கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் உள்ளேயே துப்பாக்கிச் சூட்டுல செத்தாங்க. நிறையப் பேர் மலபார்லேருந்து வந்தவங்க. பேசி முடிச்சப்ப வகுப்புல ஒருத்தரும் கேள்வி கேக்கலை. சேலத்துல பள்ளிக்கூடம் படிச்ச எனக்கு இதை ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை, மிச்சிகன் லைப்ரரியில உக்காந்து தெரிஞ்சுக்கிட்டேன். அன்னிக்கு ராத்திரி மட்டும், உண்மையாவே, ஊருக்கு வந்துடலாம்னு தோணுச்சு.

இங்கே காபின்னு ஒண்ணு தர்றாங்க. நம்ம தோட்டத்துப் பழத்தைக் கழுவி ஊத்தற தண்ணி அதைவிடக் கறுப்பா இருக்கும். மிளகு பறிக்கிற நேரம் வந்துருச்சே, சில்வர் ஓக்குல ஏணி வெச்சு அப்பா ஏறக் கூடாது, ஆள் கூப்பிடச் சொல்லு. சாயங்காலம் காட்டெருமை வர்ற பாதையில டார்ச் இல்லாம நடக்காதே.

அபராதத்தை ரத்து பண்ணிட்டாங்க. ஆனா நான் ஏற்கெனவே கட்டின பணத்தைத் திருப்பித் தர, பேர் திருத்தின ஆவணம் வேணுமாம். அதுக்கு நோட்டரி, அஃபிடவிட், கூரியர்னு இருபத்தஞ்சு டாலருக்கு மேலயே ஆகும். வேணாம்னு விட்டுட்டேன். இருபத்தஞ்சு டாலர்னா எத்தனை கிலோ மிளகுன்னு அப்பா கணக்குப் போடறதுக்குள்ள கடிதத்தை மடிச்சு வெச்சுடு.

உன்
சின்னவன்